விதியும் பலகையும்

மனிதன் புதிதாக ஒரு யந்திரத்தைக் கண்டுபிடித்தால் அதன் பயனை அன்றே அடைந்துவிடுகிறான். அதனால் விளையும் அபாயத்தை அறிந்து மாற்றுத் தேடுவதற்கோ அவனுக்கு ஒரு தலைமுறையும் இரண்டு தலைமுறையும் வேண்டியிருக்கிறது. இடைக்காலத்தில் மாண்டவர்கள் மாண்டவர்களே. அவர்கள் ஏன் மாண்டார்கள் என்று கேட்டால், "விதி" என்னும் இரண்டெழுத்து விடை எந்நேரமும் ஆயத்தமாக இருக்கிறது.

இவ்வுண்மையை விளக்க, இருப்புப்பாதையும் தெருவும் ஒரே மட்டத்தில் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. பட்டணத்தார் அதனை ரயில்வே கேட்டு என்பர். தோட்டத்து மக்கள் இருப்புப்பாதையைக் கம்பிச்சடக்கு என்பராதலின், அவர்களுக்கு அது கம்பிச்சடக்குக் கேட்டு. இக்கட்டுரையில் அதனைக் கடவு என்று குறிப்போம். கடவு வருகிறது என்பதை வண்டியோட்டிக்கு முன்கூட்டியே சொல்லும் குறிகள் எவ்வாறு பிறந்தன, அவற்றை உலகம் என்ன விலை கொடுத்து வாங்கிற்று, அவ்வரலாற்றிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

யானைக்குக் கிடைத்த பலகை

இவ்வாராய்ச்சியைத் தொடங்க இங்கிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டுவதில்லை. பீடோரிலிருந்து தெலுக் இந்தான் சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் போதும்.

மலாய் நாட்டின் முதல் இருப்புப்பாதை தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே 1885-ம் ஆண்டு ஜூன் மாதம் 1-ம் தேதி திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 8 மைல். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே அதன் முதல் நோக்கம். அதனைப் போடுவதற்கு இலங்கையிலிருந்து பயனியர் படையினர் தருவிக்கப்பட்டனர். இந்நாட்டின் முதல் தண்டவாளத்தைத் தூக்கிய தோள்களில் தமிழர் தோள்களும் இருந்தன என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் நலம். பின்னர் 1893-ம் ஆண்டில் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சன் துறைமுகத்துக்கு ஒரு பாதை திறக்கப்பட்டது. அந்தத் தெலுக் ஆன்சனே 1982-ம் ஆண்டில் தெலுக் இந்தான் என்று பெயர் மாறிற்று.

அப்பாதை திறந்து ஓராண்டு கழிந்தபின், 1894-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 17-ம் தேதி, ஒரு காட்டு யானை ஓடிவந்த ரயிலின்மீது பாய்ந்தது. ரயில் தடம் புரண்டது, யானை மாண்டது. அதனை அங்கேயே புதைத்து, தன் கூட்டத்தைக் காப்பதற்காக ரயிலை எதிர்த்து உயிர்விட்ட யானை இங்கே கிடக்கிறது என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு பலகையும் நாட்டினர். அந்தக் கிளைப்பாதையில் இன்று ரயில் இல்லை, தண்டவாளமும் இல்லை. யானையின் பலகை மட்டும் பெயர்பெற்று விளங்குகிறது.

இந்நிகழ்ச்சியைக் கேட்டவர்கள் யானையின் வீரத்தைப் புகழ்வர். நாமும் புகழ்கிறோம். ஆயினும் அதிலே வேறொரு பாடமும் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தான் நடந்த காட்டுவழியில் யானை சென்றது. அவ்வழியை வெட்டிப் போட்ட கம்பிமேல் ரயில் சென்றது. ஒருவர் வருகையை மற்றவர் முன்னதாக அறிந்துகொள்ள வகையில்லை. அறிந்தபோது விலகுவதற்குக் காலமில்லை. உலகத்தில் நடந்த எல்லாக் கடவு விபத்துகளுக்கும் இதுவே இலக்கணம். செத்தபின் நாட்டும் பலகை நினைவுப் பலகை. சாவதற்கு முன் நாட்டும் பலகை எச்சரிக்கைப் பலகை. இவ்விரண்டில் எதற்கு மனிதன் முதலில் செலவழித்தான் என்பதே நம் வரலாறு.

ஊதலும் கதவும்

ரயில் பிறந்த இங்கிலாந்தில் எச்சரிக்கும் கடமை முதலில் ரயிலுக்கே விதிக்கப்பட்டது. 1833-ம் ஆண்டில் லெஸ்டர் நகரத்தை அடுத்த ஒரு பாதையில், வெண்ணெயும் முட்டையும் ஏற்றிச்சென்ற ஒரு குதிரைவண்டியின்மீது ரயில் யந்திரம் மோதிற்றென்றும், அதன் பயனாகவே நீராவி ஊதல் தோன்றிற்றென்றும் ஒரு செய்தி வழங்கிவருகிறது. செய்தி எவ்வாறாயினும், "நான் வருகிறேன், நீ விலகு" என்று கூவுவதுதான் முதல் எச்சரிக்கை.

கூவல் போதவில்லை. 1839-ம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, பொதுச்சாலையைக் கடக்கும் ஒவ்வொரு இருப்புப்பாதைக்கும் கதவு வைக்கவேண்டும், அதனைத் திறக்கவும் மூடவும் ஆள் வைக்கவேண்டும் என்று ஆணையிட்டது. 1845-ம் ஆண்டின் சட்டமோ, கதவு வழக்கமாகச் சாலையின் குறுக்கேயே மூடிக்கிடக்கவேண்டும், வண்டி வரும்போதுதான் திறக்கவேண்டும் என்றது. இவ்வேற்பாடு சாம்ராஜ்யம் எங்கும் பரவிற்று. மலாய் நாட்டுக்கும் வந்தது.

ஆகவே எச்சரிக்கை என்பது ஒரு மனிதனுடைய உத்தியோகமாயிற்று. கடவின் ஓரத்தில் ஒரு சிறு வீடு, பச்சையும் சிவப்புமாக இரண்டு கொடி, இரவுக்கு ஒரு விளக்கு, இவற்றோடு கேட்டுக்காரன் ஒருவன். இந்நாட்டில் இருப்புப்பாதை வேலையில் தமிழர் பெருந்தொகையாக இருந்தனராதலின், அக்கொடியைப் பிடித்த கைகளில் பல தமிழ்க் கைகள். மழையிலும் நள்ளிரவிலும் பிறர் உயிருக்காக விழித்திருந்தவர்களை எந்தச் சரித்திரப் புத்தகமும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. 1942-ம் ஆண்டிலும் 1943-ம் ஆண்டிலும் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, மலாய்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வராத ஆயிரக்கணக்கான தமிழரையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளுதல் கடமை. கம்பிச்சடக்குக்கும் நம் இனத்துக்கும் உள்ள உறவு பிரயாணிக்கும் வண்டிக்கும் உள்ள உறவு மட்டுமன்று.

மோட்டார் வந்தபின்

மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் சென்ற காலத்தில் கதவே போதுமான எச்சரிக்கையாக இருந்தது. கதவைக் கண்ட இடத்தில் மாடு நின்றுவிடும். மோட்டார் வந்ததும் கணக்கு மாறிற்று.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மோட்டார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநன் அபாயத்தைக் கண்டு, அதனை உணர்ந்து, காலைப் பிரேக்கில் வைப்பதற்குள் இரண்டரை விநாடி ஆகிறது என்று சாலைப் பொறியாளர் கணக்கிடுகின்றனர். அதற்குள் 42 மீட்டர் போயிற்று. பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க இன்னும் 40 மீட்டர் வேண்டும். ஆக 80 மீட்டருக்கு மேல். வேகம் 80 கிலோமீட்டரானால் மொத்தம் 130 மீட்டர். வேகம் மூன்றிலொரு பங்கு ஏறினால் நிற்கவேண்டிய தூரம் பாதிக்குமேல் ஏறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாலை ஈரமாயும் வண்டி பாரமாயும் இருந்தால் தூரம் இன்னும் நீளும். ரயிலோ விலகவும் முடியாது. விரைவில் நிற்கவும் முடியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் செல்லும் ஒரு நீண்ட ரயில் நிற்பதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கூட வேண்டியிருக்கும்.

இக்கணக்கைப் பார்த்தவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். வளைவு திரும்பியவுடன் கதவு எதிர்ப்பட்டால், ஓட்டுநன் எவ்வளவு நல்லவனாயினும், எத்தனை கோயிலுக்கு நேர்ந்துகொண்டவனாயினும், நிற்கமாட்டான். கடவில் இருக்கும் குறி இடத்தைக் காட்டும். கடவுக்கு முன்னே இருக்கும் குறியே காலத்தைக் கொடுக்கும். முன்னறிவிப்புப் பலகை ஓட்டுநனுக்குக் கொடுப்பது சில விநாடிகள்தாம். அச்சில விநாடிகளே உயிர்.

நான்கு குறிகள்

இதனை உலக நாடுகள் ஒன்றுகூடி ஒப்புக்கொண்டது 1909-ம் ஆண்டில். அவ்வாண்டு அக்டோபர் மாதம் பாரிஸ் நகரில் மோட்டார் வண்டிகளைப் பற்றிச் செய்த உடன்படிக்கையில், எல்லா நாடுகளுக்கும் பொதுவாக நான்கே நான்கு அபாயக் குறிகள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. மேடுபள்ளம் ஒன்று, வளைவு ஒன்று, சாலைகள் கூடுமிடம் ஒன்று, ரயில் கடவு ஒன்று. மோட்டார் யுகத்தின் தொடக்கத்திலேயே உலகம் அஞ்சிய நான்கு அபாயங்களுள் கடவும் ஒன்று என்பது இதனால் பெறப்படும். எழுத்தை நம்பாமல் படத்தை நம்பியது அவ்வுடன்படிக்கையின் சிறப்பு. பிரெஞ்சுக்காரனும் ஜெர்மானியனும் ஒரே படத்தைப் பார்த்து ஒரே பொருளை உணர்ந்தனர்.

பிறகு 1926-ம் ஆண்டு உடன்படிக்கையில் அபாயக் குறிக்கு முக்கோண வடிவம் வகுக்கப்பட்டது. 1931-ம் ஆண்டில் ஜெனீவாவிலும், 1968-ம் ஆண்டில் வியன்னாவிலும் குறிகள் மேலும் ஒழுங்குபட்டன. கதவின் படம் இருந்தால் காவலுள்ள கடவு. புகைவண்டி யந்திரத்தின் படம் இருந்தால் காவலற்ற கடவு. நீராவி யந்திரத்தைக் கண்ணாலும் காணாத இன்றைய பிள்ளைகளுக்கும் அந்தப் புகைபோக்கிப் படமே ரயிலைக் குறிக்கிறது. பழகிய குறிக்கு அவ்வளவு வலிமை. ஜெர்மனியில் கடவுக்கு 240 மீட்டர் முன்னே மூன்று கோடு, 160 மீட்டரில் இரண்டு கோடு, 80 மீட்டரில் ஒரு கோடு என்று பலகைகள் நாட்டினர். படிக்கத் தெரியாதவனும் கோடு குறைவதைக் கண்டு, தான் அபாயத்தை நெருங்குகிறோம் என்று எண்ணிக்கொள்ளலாம். இந்தியாவிலும் இம்முறை உண்டு. ஏறத்தாழ 200 மீட்டர் முன்னே இரண்டு கோடு; 50 முதல் 100 மீட்டருக்குள் ஒரு கோடு.

அமெரிக்கரோ வேறொரு வழியில் சிந்தித்தனர். 1923-ம் ஆண்டில் மிஸ்ஸிஸிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு மாகாணங்களின் சாலை அதிகாரிகள் கூடி, பலகையின் வடிவமே பேசவேண்டும் என்று முடிவு செய்தனர். பலகைக்குப் பக்கங்கள் மிகுதியாக மிகுதியாக அபாயமும் மிகுதி என்பது அவர்கள் வகுத்த விதி. நாற்சதுரத்துக்குச் சிறு எச்சரிக்கை. எண்கோணத்துக்கு "நில்" என்னும் கட்டளை. வட்டத்துக்கு எண்ணிறந்த பக்கங்கள் உண்டு என்று கருதலாமன்றோ? ஆகவே எல்லாவற்றினும் பெரிய அபாயமாகிய ரயில் கடவுக்கு வட்டப் பலகையை ஒதுக்கினர். இருட்டிலும் பனியிலும் எழுத்து மறைந்தாலும் வடிவம் மறையாது என்பது அவர்கள் கருத்து. அவ்வட்டப் பலகை மஞ்சள் நிறத்தில் இன்றும் அமெரிக்கச் சாலைகளில் நிற்கிறது.

தானே பேசும் தண்டவாளம்

ஆளை நம்பாமல் ரயிலே தன் வரவை அறிவிக்கும் உபாயம் ஒன்றும் கண்டுபிடிக்கப்பட்டது. 1872-ம் ஆண்டில் வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்கர் தண்டவாள மின்சுற்று முறைக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் தத்துவம் எளிது. இரு தண்டவாளங்களின் வழியே மெல்லிய மின்சாரம் ஓடி ஒரு மின்காந்தத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ரயில் அப்பகுதிக்குள் புகுந்ததும் அதன் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்சாரம் குறுக்குவழியில் திரும்பிவிட, காந்தம் பிடியை விடுகிறது. பிடி விட்டதும் மணி அடிக்கிறது, விளக்கு எரிகிறது. 1909-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆல்பர்ட் ஹண்ட் என்னும் பொறியாளர் செய்த, கடிகாரத் தொங்கலைப்போல் இருபுறமும் ஆடும் சிவப்பு வட்டும் மின்சாரம் கொண்டு எச்சரித்த கருவிகளுள் ஒன்று.

இம்முறையில் நாம் வியப்பது அதன் மின்சாரத்தையன்று, அதன் ஒழுக்கத்தையே. மின்கலம் செத்தாலும், தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், காந்தம் பிடியை விடும், மணி அடிக்கும். அதாவது, ஐயம் வந்தால் அபாயம் என்றே கொள்ளும்படி அந்த யந்திரம் படைக்கப்பட்டிருக்கிறது. ஐயம் வந்தால் "ஒன்றும் ஆகாது, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லும் மனிதனைக் காட்டிலும் அறிவிற் சிறந்தது அந்த இரும்புத்துண்டு என்று சொன்னால் நம்மவர் கோபிக்கலாகாது.

படிக்க முடியாத எச்சரிக்கை

ஆனால் யந்திரம் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு இங்கிலாந்திலேயே ஒரு சான்று உண்டு. ஸ்டாபோர்ட்ஷயரைச் சேர்ந்த ஹிக்ஸன் என்னுமிடத்தில் தானியங்கும் அரைக்கதவு வைத்த கடவு ஒன்று இருந்தது. ரயில் வருமுன் 24 விநாடிதான் அது எச்சரிக்கும். 1968-ம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ம் தேதி, 120 டன் எடையுள்ள மின்மாற்றியை ஏற்றிய நெடிய வண்டி ஒன்று நடைவேகத்தினும் குறைந்த வேகத்தில் அக்கடவில் ஏறிற்று. அது முழுதும் கடப்பதற்குள் விரைவு ரயில் வந்து மோதிற்று. 11 பேர் மாண்டனர். இத்தகைய வண்டிகள் கடக்குமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளவேண்டும் என்று அங்கே ஓர் அறிவிப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சிறிய எழுத்தில், ஓட்டுநன் கண்ணில் எளிதில் படாதவாறு இருந்தது. விசாரணைக்குப் பின் அறிவிப்புகள் திருத்தப்பட்டன.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்று. பலகை நாட்டியவன் தன் கடமை தீர்ந்தது என்று கருதுவதற்கில்லை. படிக்க வேண்டியவன் படிக்கும்படி நாட்டினால்தான் அது எச்சரிக்கை. இல்லையேல் அது நாட்டியவனுடைய வழக்குக்கு உதவும் சாட்சிப் பத்திரமேயன்றி வேறன்று.

இவ்விடத்தில் நம் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறாமலிருக்க முடியவில்லை. நாம் சிறுவராயிருந்தபோது, இரட்டைப் பாதை வருவதற்கு முன், ஒரு தோட்டத்தின் செம்மண் பாதை ஒற்றைத் தண்டவாளத்தைக் கடந்து சென்றது. கதவுமில்லை, காவலுமில்லை. கடவின் முன்னே ஒரு பலகை இருந்தது. சாயம் உதிர்ந்து, எழுத்து மங்கி, பாதிக்குமேல் கொடி படர்ந்து கிடந்தது. அதற்கு எதிரே ஒரு மரத்தடியில் சூலம் நட்ட கல் ஒன்றும் இருந்தது. அங்கே ஒருவர் ரயிலில் அடிபட்டு மாண்ட பிறகு நட்ட கல் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளிதோறும் கல்லுக்கு எண்ணெய் உண்டு; சூடம் உண்டு; ஆண்டுக்கொரு முறை சேவலும் உண்டு. பலகைக்கு ஒரு டின் சாயம் வாங்கியவர் இல்லை. கொடியை அறுத்தெறிய ஒரு கத்தி எடுத்தவரும் இல்லை. அத்தனைக்கும் தோட்டத்தில் இருந்தவர் அனைவர் இடுப்பிலும் கத்தி இருந்தது.

நாம் பக்தியை இழிப்பதற்காக இதனைச் சொல்லவில்லை. இறந்தவனை நினைத்து விளக்கேற்றுவது மனிதத் தன்மை. ஆனால் அடுத்தவன் இறவாதிருக்க வழி செய்யாமல் விளக்கு மட்டும் ஏற்றுவது மனிதத் தன்மையில் பாதிதான். இன்னும் ஒன்று. அப்பலகையில் இருந்த எழுத்து கூலிமாரில் பலருக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. படிக்கத் தெரிந்தவர்கள் யாவர்? ஆங்கிலப் பள்ளிக்கூடம் சென்று வந்த எம்போன்ற கிராணிமாரும் அவர்கள் குடும்பத்தாருமே. ஒரு டின் சாயத்தின் விலையைக் கணக்கேட்டில் எழுதத் தெரிந்த எம் வகுப்பார், அதனைக் கேட்டு வாங்கத் துணியவில்லை. பலகையில் உள்ளதைப் படித்துச் சொல்லவும் நினைக்கவில்லை. நிர்வாகத்தைக் குறை கூறுவது எளிது. அதற்கு முன் நம் முதுகை நாமே தடவிப் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

தாய்நாட்டிலும் இலங்கையிலும்

தமிழகத்தில் நிலைமை யாது? இந்தியாவின் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-ம் பிரிவு, காவலற்ற கடவை நெருங்கும் ஓட்டுநன் வண்டியை நிறுத்தவேண்டும் என்கிறது. உடன் வரும் நடத்துனரோ துணையாளோ இறங்கிச்சென்று, இருபுறமும் ரயில் வரவில்லை என்று கண்டு, வண்டிக்கு வழிகாட்டவேண்டும். துணையாள் இல்லையேல் ஓட்டுநனே இறங்கிப் பார்க்கவேண்டும். பலகை, மணி, மின்சாரம் எல்லாவற்றுக்கும் பின்னே, இறுதியில் ஒரு மனிதனின் இரு கண்களையே சட்டம் நம்புகிறது. அகலப் பாதைகளில் இருந்த காவலற்ற கடவுகள் யாவும் 2019-ம் ஆண்டு ஜனவரி மாத இறுதியோடு ஒழிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான கடவுகளை மூடியும், ஆள் வைத்தும், கீழ்ப்பாலமும் மேற்பாலமும் கட்டியும் செய்த காரியம் அது, பாராட்டத்தக்கது.

ஆயினும் ஆள் வைத்துவிட்டால் அபாயம் தீர்ந்ததா? 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 8-ம் தேதி காலை, கடலூரை அடுத்த செம்மங்குப்பம் கடவில் பள்ளிக்கூட வேன் ஒன்றின்மீது விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் பயணிகள் ரயில் மோதிற்று. பள்ளிப் பிள்ளைகள் மூவர் மாண்டனர். அது காவலுள்ள கடவுதான். ஆனால் கதவுக்கும் கைகாட்டிக்கும் பிணைப்பு இல்லாத கடவு. பிணைப்பு என்பது யாதெனில், கதவு மூடிப் பூட்டினாலொழிய ரயிலுக்குக் கைகாட்டி இறங்காதபடி இரண்டையும் ஒன்றோடொன்று கட்டுவது. பிணைப்பு இருந்தால் மனிதன் மறந்தாலும் யந்திரம் மறக்க விடாது. இல்லாத இடத்தில் எல்லாம் ஒருவருடைய நினைவையும் ஒரு தொலைபேசிப் பேச்சையும் பொறுத்து நிற்கிறது. அவ்விபத்துக்குப் பின் பிணைப்பு வேலையை விரைவுபடுத்தவும், கடவுகளில் காமிரா வைக்கவும் ஆணைகள் பிறந்தன. ஆணை முன்பே பிறந்திருக்கலாகாதா என்று அத்தாய்மார் கேட்டால் விடை சொல்பவர் யார்?

இலங்கையில் 2005-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 27-ம் தேதி, பொல்காவலை அருகில் யாங்கல்மோதரை என்னுமிடத்தில் ரயில் வரும் நேரத்தில் கடவைக் கடக்க முயன்ற பஸ் ஒன்று ரயிலில் சிக்கியது. 35 பேருக்கு மேல் மாண்டனர். அங்கே எச்சரிக்கை இருந்தது. அதற்கு மதிப்பு இல்லை. இரண்டு நிமிஷம் மிச்சம் பிடிக்கப் போய், பஸ் நிறைய இருந்தவர்களின் ஆயுள் போயிற்று.

ஆக, நாம் கண்டவை நான்கு வகை. தெலுக் ஆன்சன் யானைக்கு எச்சரிக்கையே இல்லை. ஹிக்ஸனில் எச்சரிக்கை இருந்தும் படிப்பார் கண்ணில் படவில்லை. பொல்காவலையில் கண்டும் மதிக்கவில்லை. செம்மங்குப்பத்தில் எச்சரிக்கும் பொறுப்பைப் பிணைப்பில்லாத ஒரு தனி மனிதன் தலையில் சுமத்தியிருந்தார்கள். நான்கிலும் விதிக்கு வேலை எங்கே இருக்கிறது? ஒவ்வொன்றிலும் பெயர் சொல்லத்தக்க ஒரு காரணம் இருக்கிறது. காரணம் இருப்பதால் மாற்றும் இருக்கிறது.

கடவு இல்லாத ஊர்

இன்று பீடோர் வழியே மின்சார ரயில் ஓடுகிறது. ரவாங்குக்கும் ஈப்போவுக்கும் இடையே இரட்டைப் பாதை போட்டபோது அப்பகுதியின் கடவுகள் யாவும் நீக்கப்பட்டன. சாலை மேலே, ரயில் கீழே, அல்லது ரயில் மேலே, சாலை கீழே என்று பிரிக்கப்பட்டது. 2010-ம் ஆண்டு முதல் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே விரைவு மின்வண்டிகள் செல்கின்றன. ஈப்போவுக்கு வடக்கே பாடாங் பெசார் வரையுள்ள 329 கிலோமீட்டர் பாதையும் 2014-ம் ஆண்டில் அவ்வாறே முடிந்தது. விரைவு மின்வண்டி நிற்கும் நிலையங்களில் பீடோர் இல்லை. நம் ஊரார் தாப்பா ரோட்டுக்கோ சுங்கைக்கோ செல்லவேண்டும். அது ஒரு குறைதான். ஆனால் நம் பிள்ளைகள் ரயிலைக் காண மேம்பாலத்தில் நின்று கீழே பார்க்கிறார்களே, அது எவ்வளவு பெரிய பேறு என்பதைக் கடவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்தான் அறிவாள். எச்சரிக்கைகளுள் எல்லாம் சிறந்த எச்சரிக்கை, எச்சரிக்கவேண்டிய தேவையையே ஒழித்துவிடுவது. நாட்டின் கிழக்குப் பகுதியில் கிம்மாஸ் முதல் தும்பாட் வரை செல்லும் ஒற்றைப் பாதையில் இன்னும் கடவுகள் உண்டு. அங்கும் அந்நாள் வருக.

கடவு போய்விட்டது, கதை முடிந்தது என்று நாம் இருந்துவிடலாமா? தோட்டத்தில் இன்றும் எத்தனையோ கடவுகள் இருக்கின்றன. செம்பனை ஏற்றிய லாரி செம்மண் பாதையிலிருந்து பெருஞ்சாலையில் ஏறும் முனை ஒரு கடவு. களைக்கொல்லி டின்மேல் ஒட்டிய சீட்டு ஒரு முன்னறிவிப்புப் பலகை. மின்கம்பியின் கீழே நீண்ட அரிவாள் தூக்கிக் குலை வெட்டுபவனுக்கு மேலே தொங்குவது ஒரு ரயில். இன்று அத்தோட்டங்களில் வேலை செய்பவரில் பலர் வங்காள தேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். நேற்று நம் பாட்டன் படிக்க முடியாத பலகையின் கீழே நின்றான். இன்று அவ்விடத்தில் வேறொருவன் நிற்கிறான். எழுத்தறிந்த நாம் நேற்றுச் செய்த தவற்றை இன்றும் செய்யப்போகிறோமா?

வருமுன் காத்த மீன், வந்தபோது தப்பிய மீன், வலையிலே மாண்ட மீன் என்று மூன்று மீன்களின் கதையை நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். கதையைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வலை விழுந்தபின் "எழுதியவன் ஏட்டைக் கெடுத்தானா?" என்று பேசுவது நம் வழக்கமாகிவிட்டது. ஏட்டில் எழுதியவனைப் பற்றி நமக்குத் தெரியாது. பலகையில் எழுதவேண்டியவர்கள் யார் என்பது தெரியும். தோழர்களே, அடுத்த முறை உங்கள் தோட்டத்திலோ தெருவிலோ சாயம் உதிர்ந்த பலகை ஒன்றைக் கண்டால், கொடியை அறுங்கள், எழுத்தைத் துலக்குங்கள், படிக்கத் தெரியாதவனுக்கு அவன் மொழியில் சொல்லுங்கள், உரியவர்களிடம் எழுதிக் கேளுங்கள். யானைக்குச் செத்தபின் பலகை கிடைத்தது. மனிதனுக்கு அது வாழும்போதே கிடைக்கவேண்டும்.